கடைக்கால் எடுக்கும் முன் சோதனைக் குழி: ஒரு மண் ஆய்வுச் சேவையைப் பற்றி

வீடு கட்டுவதற்கு முன் மண் ஆய்வு செய்யும் ஒரு நிறுவனத்தை அழைத்து, மனையில் சோதனைக் குழிகள் தோண்டிப் பார்த்தோம். அந்தச் சேவை எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழிக்குள் இருந்ததை அவர்கள் படித்துச் சொன்ன விதம் மிக நன்றாக இருந்தது. குழியை மூடிய விதம் மோசம். அறிக்கை முதலில் அரைகுறையாக வந்தது, கேட்ட பிறகு சரியானது. இன்னொரு முறை தேவைப்பட்டாலும் இவர்களைத்தான் கூப்பிடுவேன். ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வேன்.

எங்களுடையது தரைத்தளமும் மேலே ஒரு மாடியும் உள்ள வீடு. தூண்களுக்குத் தனித்தனி ஃபுட்டிங், அதாவது தூணின் சுமையை மண்ணில் பரப்பும் அகலமான கான்கிரீட் அடித்தளம். மனையின் மேற்பரப்பு முழுக்க ஒரே மாதிரி சிவந்த மண். அதைப் பார்த்துவிட்டு மேஸ்திரி, "நல்ல செம்மண்ணும்மா, அஞ்சடி எடுத்தா போதும். இதுக்குப் போய் எதுக்கு டெஸ்ட்டு?" என்றார். நல்ல வேலைக்காரர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வடிவமைப்புப் பொறியாளர் ஒத்துக்கொள்ளவில்லை. மண் எவ்வளவு சுமை தாங்கும் என்று தெரியாமல் ஃபுட்டிங்கின் அகலத்தை எதை வைத்து முடிவு செய்வது என்று அவர் கேட்டார். அதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

மண்ணைப் பார்க்க இரண்டு வழிகள் சொன்னார்கள். ஒன்று, துளை போட்டு ஆழத்திலிருந்து மாதிரி எடுப்பது. மற்றொன்று, குழி வெட்டி நேரடியாகப் பார்ப்பது. துளையின் விட்டம் 10 முதல் 15 சென்டிமீட்டர்தான். அதிலிருந்து வரும் மண்ணை வைத்துக் கீழே இருப்பதை ஊகிக்க வேண்டும். குழியில் அப்படியில்லை. ஒரு மீட்டருக்கும் அகலமான சுவரில் எந்த அடுக்கு எங்கே தொடங்குகிறது, சமமாக ஓடுகிறதா, சாய்கிறதா, நடுவில் செங்கல் துண்டு கிடக்கிறதா, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இந்த அளவு வீட்டுக்கு முதலில் குழி, அதில் சந்தேகம் வந்தால் துளை என்று நிறுவனத்தார் சொன்னார்கள். அந்த வரிசை சரியானதுதான் என்று பின்னால் நிரூபணமானது.

வந்தவர் ஒரு இளம் பெண் மண்ணியல் பொறியாளர். கூடவே ஒரு உதவியாளர், ஜேசிபி ஓட்டுபவர். வந்ததும் தோண்ட ஆரம்பிக்கவில்லை. தூண்கள் வரும் இடங்களைக் காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். தரைக்கடியில் தண்ணீர்க் குழாயோ மின் கேபிளோ போகிறதா, இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்றெல்லாம் விசாரித்தார். அப்புறம் தூண் கோடுகளுக்குச் சற்று வெளியே தள்ளிக் குழிகளுக்குக் குறி போட்டார். "தூணுக்கு நேர் கீழேயே தோண்டினா அந்த இடத்து மண்ணையே பார்க்கலாமே?" என்று கேட்டேன். "ஒருமுறை தோண்டின மண்ணை என்னதான் இடிச்சு நிரப்பினாலும் பழைய இறுக்கம் வராது மேடம். அதுமேல ஃபுட்டிங் வந்தா அந்தத் தூண் மட்டும் இறங்கும்" என்றார். வேறு வழியில்லாமல் தூண் இடத்தில் தோண்டினால், ஃபுட்டிங் மட்டம் வரை சிமென்ட் குறைவான கான்கிரீட் போட்டு நிரப்ப வேண்டுமாம். குறி போடும்போதே இதை யோசிக்கிறார்களா என்பதைக் கவனியுங்கள். ஆய்வு செய்பவரின் தரம் அங்கேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சதுர ஃபுட்டிங்கின் கீழே, அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் போனால், அது மண்ணுக்குக் கொடுக்கும் கூடுதல் அழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அந்த ஆழம் வரை இருக்கும் மண்தான் வீட்டின் சுமையை உணர்கிறது. எங்கள் ஃபுட்டிங் 1.5 மீட்டர் அகலத்தில், 1.5 மீட்டர் ஆழத்தில் வரும் என்ற உத்தேசம். அந்தக் கணக்குப்படி 4.5 மீட்டர் வரை தெரிந்துகொள்ள வேண்டும். ஜேசிபியின் கை நீளத்துக்கு அது எல்லை மாதிரிதான். பாறையோ தண்ணீரோ குறுக்கே வந்தால் அங்கேயே நிறுத்துவதாகச் சொல்லித் தொடங்கினார்கள்.

முதல் குழி கிழக்கு மூலையில். தோண்டிய மண்ணை ஒரே குவியலாகக் கொட்டவிடவில்லை. அரை மீட்டருக்கு ஒரு குவியல், ஒவ்வொன்றிலும் ஆழம் எழுதிய அட்டை, எல்லாம் குழியின் விளிம்பிலிருந்து தள்ளி. விளிம்பிலேயே கொட்டினால் அந்தப் பாரத்தில் சுவர் உள்ளே சரியும் என்று ஓட்டுநரிடம், "அண்ணா, இன்னும் தள்ளிக் கொட்டுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். குழியின் ஒரு பக்கத்தைப் படிப்படியாக வெட்டச் சொல்லி, இடுப்பளவு ஆழமுள்ள படியில் மட்டும் இறங்கி நின்றார். அதற்குக் கீழே அவரும் போகவில்லை, உதவியாளரையும் விடவில்லை. ஆழத்து மண்ணை வாளியில் வந்த கட்டிகளிலிருந்தே பார்த்தார்.

இதை நான் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறேன். நான் செவிலியர். மண் சரிந்து புதைந்தவர்களை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரும்போது நிலைமை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு கன மீட்டர் ஈர மண் சுமாராக 1.8 டன் எடை. மார்பு வரை புதைந்தாலே மூச்சை உள்ளே இழுக்க முடியாது. தலை வெளியே இருந்தும் இறந்துபோகிறார்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு விதி 5 அடி, அதாவது சுமார் 1.5 மீட்டர் ஆழத்திலேயே சுவருக்கு முட்டுக் கொடுப்பது பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறது. பார்க்க உறுதியாக நிற்கும் சுவரை நம்பி ஆளை இறக்கும் நிறுவனத்தை, அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும், அமர்த்தாதீர்கள்.

படியில் நின்று அவர் முதலில் செய்தது சுவரைச் சுரண்டியது. ஜேசிபி வாளி இழுத்துக்கொண்டு வரும்போது களிமண்ணைச் சுவர் முழுக்கப் பூசிவிடுகிறது. அதனால் எல்லாம் ஒரே மண் போலத் தெரியும். கரண்டியால் அந்தப் பூச்சை எடுத்த பிறகுதான் உண்மையான அடுக்குகள் தெரிந்தன. மேலே 30 சென்டிமீட்டர் வேர்கள் கலந்த மண். அதற்குக் கீழே 1.3 மீட்டர் வரை மணல் கலந்த செம்மண். அப்புறம் 2.4 மீட்டர் வரை சரளை கலந்த இறுகிய மண். அதற்கும் கீழே மக்கிய பாறை. 2.9 மீட்டரில் வாளியின் பற்கள் சறுக்க ஆரம்பித்தன, அங்கே நிறுத்தினார்கள்.

அந்தக் குழியில் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. ஆனாலும் 2.1 மீட்டரிலிருந்து வந்த கட்டியை உடைத்துக் காட்டினார். உள்ளே சாம்பல் நிறமும் துரு நிறமும் திட்டுத் திட்டாக இருந்தன. மண்ணில் உள்ள இரும்பு, காற்றுப் படும்போது துருவேறிச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறுகிறது. தண்ணீர் தேங்கிக் காற்று இல்லாமல் போனால் சாம்பல் நிறமாகிறது. இரண்டும் கலந்து இருந்தால் அந்த ஆழத்தில் தண்ணீர் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது என்று அர்த்தம். வறண்ட நாளில் தோண்டிய குழியிலிருந்து மழைக்காலத்து நீர்மட்டத்தை அவர் படித்துச் சொன்ன அந்த இடத்தில்தான் இந்தச் சேவையின் மதிப்பு எனக்குப் பிடிபட்டது. குழி வெட்ட யாராலும் முடியும். அதற்குள் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண்தான் அரிது.

கையால் செய்த சோதனைகளும் அப்படித்தான். ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்துத் தட்டி ஆட்டினார். மேல்பரப்பில் நீர் மினுங்கி, அழுத்தியதும் மறைந்தால் அது வண்டல் தன்மை. களிமண் அப்படி மினுங்காது. சிறிதளவை 3 மில்லிமீட்டர் தடிமனுக்குத் திரிபோல உருட்டிப் பார்த்தார். காய்ந்த கட்டியை விரலால் நசுக்கிப் பார்த்தார். எளிதில் பொடிந்தால் வண்டல், உடைக்கவே முடியாவிட்டால் களி. இவையெல்லாம் ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் டி2488 முறையில் எழுதி வைக்கப்பட்டிருக்கும் சோதனைகள், சும்மா தடவிப் பார்ப்பது அல்ல.

இரண்டாவது குழி மனையின் மறு முனையில். மேலே அதே சிவந்த மண், ஆனால் 40 சென்டிமீட்டர்தான். அதற்குக் கீழே வாளி எடுத்து வந்ததில் செங்கல் துண்டு, ஓட்டுச் சில்லு, சாம்பல், பாலித்தீன் பை எல்லாம் இருந்தன. 1.9 மீட்டர் வரை இதே கதை. அதற்குக் கீழே கருஞ்சாம்பல் நிறக் களிமண். சேற்று வாடை அடித்தது. கட்டை விரலை வைத்து அழுத்தினேன், தயக்கமே இல்லாமல் உள்ளே போனது. பாக்கெட் பெனிட்ரோமீட்டர் என்ற சிறிய கருவியை அழுத்திப் பார்த்ததில் சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோ காட்டியது. முதல் குழியின் மண்ணில் அது 3.5 காட்டியிருந்தது. 2.3 மீட்டரில் தண்ணீர் கசிந்தது. 3 மீட்டரை நெருங்கும்போது சுவர் பெயர்ந்து விழ ஆரம்பித்தது, நிறுத்திவிட்டார்கள்.

ஒரு காலத்தில் பள்ளமாக, நீர் தேங்கும் இடமாக இருந்ததை யாரோ குப்பையும் இடிபாடும் போட்டு நிரப்பி, மேலே செம்மண் பரப்பியிருக்கிறார்கள். மனையை வாங்கும்போது யாரும் அதைச் சொல்லவில்லை. மேஸ்திரி குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அவர் சொன்ன ஐந்தடி, குப்பைக்குள்ளேதான் முடிந்திருக்கும். வீட்டின் ஒரு பாதி இறுகிய சரளை மண் மேல், மறு பாதி குப்பை மேல். வீடு முழுவதும் ஒரே அளவில் இறங்கினால்கூடப் பெரிதாகச் சேதம் வராது. ஒரு பக்கம் மட்டும் இறங்கும்போதுதான் சுவர் மூலைவிட்டமாக விரியும், கதவு சட்டத்தில் சிக்கும்.

அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. நிரப்பிய மண் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க, இரண்டு குழிகளுக்கும் நடுவில் ஆழம் குறைந்த சின்னக் குழிகளாக வெட்டிக்கொண்டே வந்தார்கள். ஒரு இடத்தில் செங்கல் துண்டு நின்று சுத்தமான செம்மண் வந்தது. அங்கே முளை அடித்து, அந்த எல்லையை வரைபடத்தில் கோடாகப் போட்டுக் கொடுத்தார்கள். துளை போட்டிருந்தால் இந்தக் கோடு இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி இன்னொரு குழியைக் கையாலேயே மெதுவாக வெட்டி, அந்த வீட்டுக் கடைக்கால் எந்த ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்த்தார்கள். நம் கடைக்காலை அதைவிடக் கீழே, அதற்கு நெருக்கமாக எடுத்தால் அவர்கள் சுவருக்கு ஆபத்து. இந்தக் குழியை நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே செய்தார்கள். அதற்கு என் நன்றி.

குழியால் முடியாததையும் அவர்கள் மறைக்கவில்லை. அந்தக் கருங்களி எவ்வளவு ஆழம் போகிறது என்று குழியில் தெரியவில்லை. அந்தப் பக்கம் கட்டியே ஆக வேண்டும் என்றால் துளை போட வேண்டும் என்று நேராகச் சொன்னார்கள். இதைப் பற்றிப் படித்தபோது கனடாவில் வினிபெக் அருகே டிரான்ஸ்கோனாவில் இருந்த தானியக் கிடங்கின் கதை கிடைத்தது. அடித்தளம் வெட்டிய மட்டத்தில் மண்ணைச் சுமை வைத்துச் சோதித்திருந்தார்கள், தாங்கும் என்றுதான் தெரிந்தது. ஆனால் அந்தக் கெட்டிக் களிக்குக் கீழே இளகிய களி இருந்தது. கிடங்கு அகலமானது, அதனால் அதன் அழுத்தம் அந்த ஆழம் வரை போனது. 1913 அக்டோபரில் தானியம் நிரப்பிக்கொண்டிருந்தபோது முழுக் கட்டடமும் சுமார் 27 டிகிரி சாய்ந்தது. பிறகு அதை நிமிர்த்திப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு விஷயம். மேலே நல்ல மண் தெரிகிறது என்பது மட்டும் போதாது. கட்டடம் பெரிதாகப் பெரிதாக, குழி எட்டாத ஆழம் முக்கியமாகிவிடும். அடுக்குமாடி கட்டுபவர்கள் சோதனைக் குழியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

ஆய்வகப் பகுதியை நான் நேரில் பார்க்கவில்லை, அறிக்கையில் படித்ததுதான். முதல் குழியிலிருந்து வெட்டி எடுத்த கனசதுரக் கட்டியை மெழுகு பூசி, துணி சுற்றி, ஈரம் போகாமல் கொண்டுபோனதைப் பார்த்தேன். இப்படிக் கலையாத மாதிரி எடுக்க முடிவது குழியின் பெரிய பலம். களிமண்ணுக்கு வீக்கச் சோதனை செய்திருந்தார்கள். 10 கிராம் மண்பொடியைத் தண்ணீரில் ஒன்று, மண்ணெண்ணெயில் ஒன்று என இரண்டு அளவுக் குடுவைகளில் போட்டு 24 மணி நேரம் விடுகிறார்கள். மண்ணெண்ணெயில் களி வீங்காது, தண்ணீரில் வீங்கும். வித்தியாசம் 60 சதவீதம் வந்தது. மழைக்கு மழை ஊதிச் சுருங்கும் மண் அது. கான்கிரீட்டை அரிக்கும் சல்ஃபேட் அளவையும் பார்த்திருந்தார்கள்.

குழிப் பதிவேட்டைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தாள். நான்கு சுவர்களின் படம், ஆழம், நிறம், இறுக்கம், மண் வகை, மாதிரி எடுத்த இடம், வானிலை, தோண்டிய நேரம், அளவுக்கோல் வைத்து எடுத்த புகைப்படம், எழுதியவர் கையெழுத்து. நாங்கள் வார்டில் எழுதும் கேஸ் ஷீட் மாதிரியே, பார்த்தது ஒரு பக்கம், அதிலிருந்து முடிவு செய்தது இன்னொரு பக்கம் என்று பிரித்து எழுதியிருந்தார்கள். குழி மூடிய பிறகு சாட்சி அந்தத் தாள் மட்டும்தானே.

இப்போது குறைகள். முதலாவது, மூடியது. தோண்டிய மண்ணை 15, 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்கித்தான் மூட வேண்டும். பொறியாளர் வேறு வேலைக்குக் கிளம்பிய பின், ஓட்டுநர் எல்லா மண்ணையும் ஒரே தள்ளாகத் தள்ளி, மேலே வண்டியை ஏற்றி ஓட்டிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கே முதல் குழி ஒரு சாண் இறங்கியது. வாகனம் நிறுத்தப் போகும் இடம் அது. புகைப்படம் அனுப்பியதும் வந்து திரும்ப வெட்டி, இடித்து மூடினார்கள். மறுக்கவில்லை, கூடுதல் பணமும் கேட்கவில்லை. ஆனாலும் முதல் முறையே நடந்திருக்க வேண்டிய வேலை.

இரண்டாவது, தண்ணீர். கசிவு தெரிந்த குழியில் நீர்மட்டம் நிலைக்க ஒரு நாளாவது விட வேண்டும். அன்று மாலையே மூடிவிட்டார்கள். சுவர் சரிகிற குழியைத் திறந்து விட முடியாது என்ற அவர்கள் வாதம் நியாயமானதுதான், பிள்ளைகள் நடமாடும் தெரு. ஆனால் துளையிட்ட குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்திவிட்டுச் சுற்றிலும் மண்ணை நிரப்பியிருந்தால், மறுநாள் அதற்குள் நாடா விட்டு அளந்திருக்கலாம். அந்தக் குழாயைக் கையோடு கொண்டுவந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, அறிக்கையின் கடைசிப் பக்கம். "பாதுகாப்பான தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 18 டன்" என்று ஒரே வரி. எந்த ஆழத்தில், எவ்வளவு அகலமான ஃபுட்டிங்குக்கு, எவ்வளவு இறக்கத்தை அனுமதித்து என்று இல்லை. இவை இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது என்று வடிவமைப்புப் பொறியாளர் திருப்பி அனுப்பினார். திருத்திய அறிக்கையில் 1.5 மீட்டர் ஆழம், 1.5 மீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் இறக்கம் என்று தெளிவாக எழுதி, இது முளை அடித்த கோட்டுக்குக் கிழக்கே மட்டும் பொருந்தும் என்றும் சேர்த்திருந்தார்கள். அந்தக் கடைசி வாக்கியம்தான் எங்களுக்கு மிகவும் வேண்டியிருந்தது.

வீட்டை முழுக்கக் கிழக்கே நகர்த்திவிட்டோம். நிரப்பிய பக்கம் திறந்த வெளியாக, மரம் வைக்கும் இடமாக இருக்கும். சமையலறை கொஞ்சம் சுருங்கியது, அதில் எனக்கு வருத்தமில்லை. கடைக்கால் வெட்டியபோது அநேகமாக எல்லாத் தூண்களிலும் பதிவேட்டில் எழுதிய ஆழத்திலேயே சரளை வந்தது. கோட்டுக்கு அருகில் இருந்த ஒரு தூணில் மட்டும் செம்மண் இன்னும் கீழே போனது. மேஸ்திரியே வேலையை நிறுத்திவிட்டு, "அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக் காட்டிடலாம்மா" என்றார். அவர் வந்து பார்த்து, அந்த ஒரு தூணுக்கு மட்டும் சரளை வரும் வரை கூடுதலாக வெட்டச் சொல்லி, பதிவேட்டில் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இந்தச் சேவையை அமர்த்துபவர்கள் ஒப்பந்தத்திலேயே மூன்றை எழுதி வாங்குங்கள்: குழியை அடுக்கு அடுக்காக இடித்து மூடுவதும், அதுவரை பொறியாளர் இடத்தில் இருப்பதும், தண்ணீர் வந்தால் குழாய் வைத்து மறுநாள் அளப்பது, தாங்குதிறனோடு ஆழம், அகலம், இறக்கம் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது. மண்ணைப் படிக்கும் வேலைக்கு அவர்களிடம் எதுவும் எழுதி வாங்க வேண்டியதில்லை, அது அவர்களுக்கு நன்றாகவே வருகிறது.